காதால் கேட்பதும் வாயால் கேட்பதும்

(கல்லூரி மொழித்துறை மாணவர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நீங்கள் மொழி படிக்கிறவர்கள். நான் விலங்கியல் படித்துவிட்டு, 2000ஆம் ஆண்டு சென்னையில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலைக்குப் போனவள். இருபது வருடத்துக்கு மேல் பிறர் பேசியதைக் கேட்டு எழுதியே சம்பாதித்திருக்கிறேன். அதனால் உங்கள் ஆசிரியர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, எதைப் பற்றிப் பேசுவது என்று யோசிக்கவே இல்லை. கேட்பதைப் பற்றித்தான்.

தமிழில் இந்தச் சொல்லுக்கு ஒரு வளம் உண்டு. காதில் விழுவதும் கேட்பதுதான். தெரியாததை இன்னொருவரிடம் விசாரிப்பதும் கேட்பதுதான். திருக்குறளில் 42ஆம் அதிகாரத்துக்குக் கேள்வி என்று பெயர். அங்கே அது அறிந்தவர் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொள்வது. இன்று நாம் கேள்வி என்றால் வினா என்று எடுத்துக்கொள்கிறோம். என் தொழிலில் இந்த இரண்டு கேட்பதும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்ததில்லை. காதுக்குப் பிடிபடாத இடத்தில் வாயைத் திறந்து கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்கக் கூச்சப்படாதவர்கள்தான் எங்களில் நல்ல எம்டி, அதாவது மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட், ஆனார்கள். விரல் வேகமெல்லாம் அதற்கு அப்புறம்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும், என்ன கண்டார், என்ன செய்தார், என்ன மருந்து எழுதினார் என்பதைப் போனிலோ கையில் உள்ள ரெக்கார்டரிலோ பேசிவிடுவார். அந்த ஆடியோ ஃபைல் எங்களுக்கு வரும். குளிர்காலத்தில் நியூயார்க்கில் இரவு எட்டு மணி என்றால் சென்னையில் மறுநாள் காலை ஆறரை. அவர் தூங்கி எழுந்து வருவதற்குள் ரிப்போர்ட் அங்கே இருக்க வேண்டும். காதில் ஹெட்செட், காலடியில் ஃபுட் பெடல். நடுவில் மிதித்தால் பேச்சு ஓடும், ஓரத்தில் மிதித்தால் பின்னால் போகும். வீட்டில் தையல் மெஷின் மிதித்த பெண்களுக்கு அந்தக் கால்பழக்கம் சீக்கிரமே வந்துவிட்டதை நான் கவனித்திருக்கிறேன். இடைவெளியும் சேர்த்து 65 எழுத்து ஒரு வரி. அந்த வரிக்குத்தான் காசு.

டாக்டர்கள் எங்களை மனதில் வைத்துப் பேசுவதில்லை. கார் ஓட்டிக்கொண்டே பேசுவார்கள், சாப்பிட்டுக்கொண்டே பேசுவார்கள். பின்னால் மானிட்டர் சத்தம் கேட்கும், வார்டில் யாரையோ மைக்கில் கூப்பிடுவார்கள். இருபத்து நான்கு மணி நேரம் தொடர்ந்து டியூட்டி பார்த்தவரின் குரல், கடைசி ரிப்போர்ட்டில் முணுமுணுப்பாகத் தேய்ந்துவிடும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வந்ததே இல்லை. ஆனால் அந்த முணுமுணுப்புக்குள் ஒரு மருந்தின் பெயர் இருக்கும், ஒரு அளவு இருக்கும். அது வேறொரு மனிதரின் உடம்புக்குள் போகப்போகிறது.

புரியாத இடத்தில் ஒரு கோடு போட வேண்டும். ஆடியோவில் அது எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது விநாடி என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். இதற்குப் பிளாங்க் என்று பெயர். பிளாங்க், தரம் பார்க்கும் எங்கள் கியூஏ பிரிவுக்குப் போகும். அவர்களுக்கும் புரியாவிட்டால் கோட்டோடு டாக்டரிடமே திரும்பிப் போகும். ஆனால் கோடு போடுவதற்கு முன்னால் ஒரு படி இருந்தது. எந்தக் கையேட்டிலும் அது எழுதியிருக்கவில்லை. பக்கத்து சீட்டைக் கூப்பிடுவதுதான் அது.

நான் சேர்ந்து மூன்றாவது மாதம், நைட் ஷிப்ட். முதுகில் டிஸ்க் ஆபரேஷன் ஒன்றின் ரிப்போர்ட். தோலைக் கீறியதும் காயத்தை விரித்துப் பிடிக்க ஏதோ வைத்ததாக டாக்டர் சொல்கிறார். என் காதில் 'வீட்லாண்டர்' என்று விழுகிறது. கோதுமைக்கு ஆங்கிலத்தில் என்ன எழுத்தோ அந்த எழுத்தில் அகராதியைப் புரட்டினேன். இல்லை. வேறு உயிரெழுத்து போட்டுப் பார்த்தேன். இல்லை. கால்மணி நேரம் போய்விட்டது. பக்கத்து சீட்டில் பார்மஸி படித்தவர் ஒருவர் இருந்தார். எங்களைவிட ஆறேழு வயது பெரியவர், ஷிப்டுக்கே அக்கா.

"அக்கா, இதை ஒரு நிமிஷம் கேளுங்களேன். ஏதோ வீட்..."

"சொல்லாத. உனக்கு என்ன கேட்டுச்சுன்னு சொல்லாத. முதல்ல நான் கேக்குறேன்."

என் ஹெட்செட்டை வாங்கி மாட்டிக்கொண்டார். பெடலை என் காலடியிலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சிக்கிய சொல்லிலிருந்து தொடங்கவில்லை. இரண்டு வாக்கியம் முன்னால் போய் அங்கிருந்து வந்தார். கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை.

"அடுத்தாப்ல ரிட்ராக்டர்னு வருது பாரு. அப்ப இது ரிட்ராக்டரோட பேரு. கருவிக்குப் பேருன்னா யாராவது ஆளோட பேரா இருக்கும்மா. எக்விப்மென்ட் புக்ல ரிட்ராக்டர்னு இருக்கும் பாரு, அதுக்குக் கீழ டபிள்யூ பூரா ஒரு பார்வை பாரு."

பார்த்தேன். டபிள்யூ, இ, ஐ என்று தொடங்கும் வைட்லானர். ஆஸ்திரியாக்காரர் ஒருவரின் பெயர். கத்தரிக்கோல் போலப் பிடியும், நுனியில் வளைந்த பற்களும் உள்ள கருவி. விரித்துவிட்டால் அப்படியே பூட்டிக்கொண்டு நிற்கும். அமெரிக்க ஆபரேஷன் தியேட்டர்களில் வாய்க்கு வாய் மாறி அது வீட்லாண்டர் ஆகிவிட்டிருந்தது. அக்காவுக்கும் அந்தப் பெயர் அதுவரை தெரியாது. தெரியாத ஒன்றை எந்தப் பக்கமிருந்து போய்ப் பிடிப்பது என்பது தெரிந்திருந்தது.

அவர் முதலில் சொன்ன 'சொல்லாத' என்பதன் அருமை எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. 1970இல் ரிச்சர்ட் வாரன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். பதிவு செய்த ஒரு வாக்கியத்தில், ஒரு சொல்லின் நடுவிலிருந்த ஓர் ஒலியை அடியோடு வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் இருமல் சத்தத்தை ஒட்டினார். கேட்டவர்களில் ஏறக்குறைய எல்லாருமே சொல் முழுசாக இருந்தது என்றார்கள். இருமல் சரியாக எந்த இடத்தில் வந்தது என்றுகூட அவர்களால் காட்ட முடியவில்லை. இல்லாத ஒலியை மூளை தானே போட்டுக் கேட்டுவிட்டது. நாங்கள் தினமும் செய்துகொண்டிருந்ததும் அதுதான். 'வீட்லாண்டர்' என்று நான் சொல்லிவிட்டிருந்தால் அக்காவின் காதிலும் கோதுமைதான் விழுந்திருக்கும். ஒரு காது தவறாகப் பிடித்துவிட்டால் பத்து தடவை ஓட்டிக் கேட்டாலும் அதே தவறுதான் கேட்கும். இன்னும் கெட்டிப்படும். அதனால்தான் வேறொரு காது வேண்டியிருக்கிறது, அதுவும் எதையும் முன்கூட்டிக் கேள்விப்படாத காது.

எங்கள் தளத்தில் யாரிடம் எதற்குப் போக வேண்டும் என்பது கொஞ்ச நாளில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மருந்து என்றால் பார்மஸி அக்கா. வார்டு நடைமுறை என்றால் நர்சிங் படித்த இருவர். ஆபரேஷன் முடிந்தபின் நோயாளிக்கு 'பேர் ஹக்கர்' போட்டதாக டாக்டர் சொன்னால், கரடி எங்கே வந்தது என்று நாங்கள் விழிப்போம். அது வெதுவெதுப்பான காற்றை ஊதி உடம்பைச் சூடாக வைக்கும் போர்வையின் வணிகப் பெயர், எழுத்தும் கரடியின் எழுத்து இல்லை என்று அவர்கள்தான் சொன்னார்கள். கல்லூரியில் பகுதி ஒன்றில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்த ஒரு பெண் இருந்தாள். மார்க்குக்காக எடுத்த பிரெஞ்சு. முகத்து நரம்பு வலியை டாக்டர் 'டிக் டூலரூ' என்று சொல்லும்போதும், தோலில் உள்ள காப்பி நிறத் திட்டை 'கஃபே ஒ லே' என்னும்போதும் அந்தப் பிரெஞ்சுதான் எங்களைக் காப்பாற்றியது. இமை தொங்குவதை 'டோசிஸ்' என்பார்கள். டி வரிசையில் தேடினால் வாழ்நாள் முழுக்க அகப்படாது. ஒலிக்காத ஒரு பி முன்னால் நிற்கிறது. அகராதி ஏற்கெனவே எழுத்து தெரிந்தவருக்குத்தான் கதவு திறக்கும். எங்களுக்கு ஒலி மட்டும்தான் கையில் இருந்தது.

அமெரிக்காவில் நம் ஊர் டாக்டர்களும் நிறைய இருந்தார்கள். டெக்சாஸ்காரர் இழுத்துப் பேசினால் திணறும் நாங்கள், ஐதராபாத்திலோ மதுரையிலோ படித்துவிட்டுப் போன ஒருவர் பேசினால் இரண்டாவது வாக்கியத்தில் நிமிர்ந்து உட்காருவோம். எண்களை 'டபுள் ஃபைவ்' என்று அவர் சொல்லும்போதே தெரிந்துவிடும். அமெரிக்காவில் கோடு கோடாக விடப்பட்டு வந்த பத்திகள் எங்களுக்கு நேராகப் புரிந்தன. ஒருமுறை அப்படி ஒருவர் டிக்டேஷனுக்கு நடுவே, ரெக்கார்டரை நிறுத்த மறந்து, பக்கத்தில் யாரிடமோ "இருங்க, முடிச்சிட்டு வந்துடறேன்" என்றார். இரவு மூன்று மணிக்கு அந்தத் தமிழைக் கேட்டு எங்கள் வரிசையே ஒருவர் பின் ஒருவராக வந்து ஹெட்செட்டை வாங்கிக் கேட்டது. அந்த ஏழெட்டு விநாடி ரிப்போர்ட்டில் வராது. எனக்கு மட்டும் இன்னும் மறக்கவில்லை.

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பக்கவாதம் வந்த ஒரு முதியவரின் டிஸ்சார்ஜ் ரிப்போர்ட். ஆங்கில மருத்துவத்தில் டிஸ்ஃபேஜியா என்று ஒரு சொல்; விழுங்குவதில் சிரமம். டிஸ்ஃபேஷியா என்று இன்னொன்று; பேசுவதில் சிரமம். வேகமாகச் சொன்னால் இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் மூச்சளவுதான். 'இலியம்' என்ற சொல்லும் இப்படித்தான்: குடலின் கடைப்பகுதிக்கும் அதே ஒலி, இடுப்பெலும்புக்கும் அதே ஒலி. தமிழில் எழுதினாலும் ஒரே எழுத்துதான் வரும். ஆனால் குடல் ஆபரேஷனில் இடுப்பெலும்பு வராது. சுற்றியிருக்கும் வாக்கியங்கள் வழி சொல்லிவிடும். பக்கவாதத்தில் அப்படியில்லை. விழுங்குவதும் போகலாம், பேச்சும் போகலாம். பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பியதாக டாக்டர் சொல்லியிருந்தார். அதுவும் கைகொடுக்காது, அமெரிக்காவில் விழுங்கும் பயிற்சியும் அவர்களே தருகிறார்கள்.

நான் கோடு போட்டிருக்க வேண்டும். குறைந்தபட்சம் பக்கத்தில் கேட்டிருக்க வேண்டும். விழுங்குவதில் சிரமம் என்று அடித்து அனுப்பிவிட்டேன். காரணத்தை மறைக்க விரும்பவில்லை. அப்போது நான் இருந்த இடத்தில் ரிப்போர்ட்டுக்கு இத்தனை பிளாங்குக்கு மேல் போனால் மார்க் குறையும். மாதக் கடைசி வேறு. கியூஏவில் இருந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரியில் விரலை வைத்தார். உணவு: வழக்கமான உணவு. "விழுங்க முடியாதவருக்கு யாரும்மா எல்லாத்தையும் சாப்பிடலாம்னு எழுதுவாங்க?" என்றார். அந்த வரியையும் நான்தான் அடித்திருந்தேன். என் கைபட்ட வரி, என் கண்ணில் படவில்லை.

அந்தப் பிழை எங்கள் கட்டடத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. நிற்காமல் போனதும் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், 2008இல், சர்க்கரை நோயாளியான ஒரு பெண்மணியின் டிஸ்சார்ஜ் ரிப்போர்ட் இந்தியாவில் தட்டச்சானது. இன்சுலின் 8 யூனிட் என்பது 80 யூனிட் என்று பதிவாகிவிட்டது. அடுத்துப் போய்ச் சேர்ந்த மறுவாழ்வு மையத்தில் அந்த அளவே செலுத்தப்பட்டது. அவர் பிழைக்கவில்லை. 2012 டிசம்பரில் அங்குள்ள நடுவர் குழு 14 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. எங்கள் துறையில் அந்தச் செய்தியைப் படிக்காதவர் இருக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் எட்டுக்கும் எண்பதுக்கும் நடுவே ஒரு குட்டி இகரம்தான். பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே அழுத்தம் விழும் இடம்தான். நல்ல டாக்டர்கள் அளவைச் சொல்லிவிட்டு 'ஒன், ஃபைவ்' என்று இலக்கம் இலக்கமாகத் திரும்பச் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களை முகம் பார்க்காமலே நாங்கள் நேசித்தோம்.

மருந்துப் பெயர்கள் இன்னும் மோசம். செலிப்ரெக்ஸ் மூட்டுவலிக்கு, செலெக்சா மனச்சோர்வுக்கு, செரிபிக்ஸ் வலிப்புக்கு. தூக்கக் கலக்கத்தில் ஒரு டாக்டர் சொன்னால் மூன்றும் ஒன்றுதான். இது காதின் குறை மட்டுமில்லை, பெயர் வைத்தவர்களின் குறையும் உண்டு என்பதை அமெரிக்க அரசே ஒத்துக்கொண்டு பெயரை மாற்றிய சந்தர்ப்பங்கள் இருக்கின்றன. வயிற்றுப் புண் மருந்து ஒன்று லோசெக் என்று அங்கே அறிமுகமானது. சிறுநீர் பிரிய வைக்கும் லாசிக்ஸோடு குழம்பியதால் 1990இல் பிரைலோசெக் ஆனது. மனச்சோர்வுக்கான பிரின்டெலிக்ஸ், ரத்தம் உறையாமல் தடுக்கும் பிரிலின்டாவோடு குழம்பி, 2016இல் டிரின்டெலிக்ஸ் என்று பெயர் மாறியது. மருந்தை மட்டும் கேட்டு எழுதாதே, நோயைப் பார், அளவைப் பார், ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்று பார் என்று பார்மஸி அக்கா சொல்லிக்கொண்டே இருப்பார். அளவு பெயரைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பார்.

அக்கா எழுந்து வந்து என் ஃபைலைக் கேட்ட ஐந்து நிமிடம் யார் கணக்கில் போனது? அவர் கணக்கில். வரிக்குத்தான் காசு என்றேன். பக்கத்தவருக்குக் காது கொடுத்த நேரத்தில் அவருடைய வரி ஓடாது. ஒரு ஷிப்டில் அவரை ஏழெட்டுப் பேர் கூப்பிடுவோம். மாதக் கடைசியில் இலக்கைத் தொட முடியாமல் அவர் ஓவர்டைம் உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். உதவியை அளக்கும் கட்டம் எந்த அறிக்கையிலும் இல்லை. பிளாங்க் விட்டால் மார்க் குறைகிறது, உதவினால் வரி குறைகிறது, ஊகித்து அடித்தால் மட்டும் அன்றைக்கு எதுவும் குறைவதில்லை. இப்படி ஒரு கணக்கு வைத்தால் மனிதர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள்? சாயாமல் நின்றவர்களைத்தான் நான் இங்கே நினைத்துப் பார்க்கிறேன்.

எங்கள் எல்லாரிடமும் ஒரு லாங் சைஸ் நோட்டு இருந்தது. எந்த டாக்டர் எந்தச் சொல்லை எப்படிச் சொல்வார், எந்தத் தையல் நூலை விரும்புவார் என்று டாக்டர்வாரியாக எழுதி வைத்திருப்போம். புதிதாக ஒரு டாக்டரின் கணக்கு கைக்கு வந்தால், முன்பு அவரை எழுதியவரிடம் நோட்டைக் கேட்டு வாங்கிப் பிரதி எடுப்போம். அமெரிக்காவில் நோயாளி விவரங்களைக் காக்கும் ஹிப்பா சட்டம் 1996இல் வந்தது. அதன் தனியுரிமை விதி 2003 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் எங்கள் தளத்தில் பேனாவும் நோட்டும் உள்ளே கொண்டுபோகத் தடை. தடை நியாயமானது, முகம் தெரியாத அந்த நோயாளி நம்மை நம்பியிருக்கிறார். நாங்களும் பக்கத்தவரிடம் கேட்கும்போது பெயர் வரும் இடத்தை ஓட்டிக் காட்டியதில்லை, சிக்கிய வாக்கியத்தை மட்டும்தான். நோட்டில் இருந்த சொற்களைக் கம்ப்யூட்டரில் பொதுப் பட்டியலாக ஏற்றினோம். பல நோட்டுகளின் ஓரத்தில் எழுதியிருந்த சின்னக் குறிப்புகள் அதில் ஏறவில்லை. "இவர் யோசிக்கும்போது 'அண்ட்' என்று இழுப்பார், அதை அடிக்காதே" என்பது போன்றவை.

இப்போது காலம் மாறிவிட்டது. டாக்டர் பேசப் பேச மென்பொருளே எழுதிவிடுகிறது. அதில் முன்னோடியான நுவான்ஸ் நிறுவனத்தை 2022இல் மைக்ரோசாஃப்ட் ஏறத்தாழ 1,970 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. எங்களில் பலர் வேலை இழந்தார்கள். மிச்சமிருப்பவர்கள், மெஷின் எழுதியதை ஆடியோவோடு ஒப்பிட்டுத் திருத்துகிறோம். மெஷின் வந்ததற்காக நான் அழவில்லை. நல்ல பதிவில் அது நன்றாகவே எழுதுகிறது. என் கவலை வேறு. மெஷின் தானாகக் கோடு போட்டு நான் பார்த்தது அபூர்வம். புரியாத இடத்திலும் ஏதாவது ஒரு சொல்லை, அழகான ஆங்கிலத்தில், இலக்கணப் பிழையில்லாமல் வைத்துவிடுகிறது.

விஸ்பர் என்ற பேச்சறி மென்பொருளைச் சோதித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2024இல் வெளிவந்தது. ஏறத்தாழ நூறில் ஒரு பதிவுத் துண்டில், யாருமே பேசாத சொற்றொடர்களை அது முழுசாகச் சேர்த்திருந்தது. மூளை பாதிப்பால் பேச்சுத் திறன் குறைந்தவர்களின் பதிவுகளில் இது கூடுதலாக இருந்தது. பேச்சுக்கு நடுவே மௌனம் நீளும் பதிவுகளில்தான் இது அதிகம் நடந்தது. எனக்கு அதைப் படித்தபோது அந்தப் பக்கவாத முதியவர் ஞாபகம் வந்தார். சொல்லைத் தேடி ஒருவர் தயங்கி நிற்கும் மௌனத்தில், அவர் சொல்லாத ஒன்றை எழுதிவிடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று நீங்களே யோசியுங்கள்.

திருத்துகிறவருக்கும் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. முன்பு ஒலி மட்டும் இருந்தது. இப்போது கண்முன்னே சொல் எழுதப்பட்டு நிற்கிறது. எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டே கேட்டால் எழுதியிருப்பதுதான் காதில் விழும். "உனக்கு என்ன கேட்டதென்று சொல்லாதே" என்று அக்கா மெஷினிடம் சொல்ல முடியாது; அது முதலிலேயே சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறது.

போன மாதம் நான் பயிற்சி கொடுக்கும் பிரிவில் ஒரு பெண். நாமக்கல் பக்கம், நர்சிங் முடித்துவிட்டு வந்தவள், சேர்ந்து ஐந்து வாரம். ஆபரேஷன் முடிந்த மறுநாள் ரிப்போர்ட் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தாள். நோயாளிக்குக் காய்ச்சல் என்று மெஷின் எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் காய்ச்சல் இருக்கிறது என்பதற்கும் இல்லை என்பதற்கும் முன்னால் ஒரு 'ஏ' மட்டும்தான் வித்தியாசம். டாக்டர் டெம்பரேச்சரைச் சொல்லாமலே அடுத்ததற்குப் போய்விட்டார். அந்த இடத்தில் யாரோ காகிதத்தைப் புரட்டும் சத்தம்.

என்னைக் கூப்பிட்டாள். நான் குனிவதற்குள் மானிட்டரில் அந்த வரியின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

"பாக்காம கேளுங்க மேடம்."

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு இரண்டு வாக்கியம் முன்னாலிருந்து கேட்டேன். மூன்று தடவை. காகிதச் சத்தத்துக்குக் கீழே ஓர் ஒலி இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. எனக்கும் தெரியவில்லை என்றேன். கையை எடுத்தாள். மெஷின் எழுதியிருந்த சொல்லை அழித்தாள். 01:42 என்று குறித்து, கோடு போட்டாள்.